ஒழுகாத தையல்

பள்ளியிலிருந்து வந்த மகள் புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அதைப் பின்பக்கம் தழையவிட்டபடியே சுவரோரமாக நடந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஒழுகிடுச்சா?"

குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியா? பூப்போட்ட துணியில தைச்சுட்டா ஆச்சா? தையல் சரியா இருக்க வேணாமா? உன் சித்தி தைச்ச லட்சணம் இப்ப ஊர் பூரா தெரிஞ்சிருக்கும்."

கதவு திறந்தது. மகளின் கண்கள் சிவந்திருந்தன. "ஊர் பூரா இல்லம்மா. பின் பெஞ்சுல ரெண்டு பேரு பாத்தாங்க."

"அது போதாதா? நாளைக்கே கடையில வாங்கித் தர்றேன். அந்தத் துணியையெல்லாம் தூக்கிப் போடு."

"கடையில வாங்கறது எனக்கு அரிக்குதும்மா. இது முன்னாடியெல்லாம் ஒழுகினதே இல்ல. இந்த மாசம்தான் இப்படி."

சித்தி என்றால் அப்பாவின் இரண்டாவது மனைவி. சனி, ஞாயிறு மகள் அங்கே போய்விடுவாள். கோர்ட்டில் பேசி முடித்த ஏற்பாடு.

புருஷன் போனதில் அம்மாவுக்குப் பெரிய வருத்தமில்லை. போனால் போகிறான் என்று தலைமுழுகிவிட்டாள். ஆனால் மகள் பெரியவளானது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். பெற்றவள் ஓட்டலில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே அந்தச் சித்திக்காரி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாளாம். பதிமூன்று வருஷமாக, அந்த நாள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த பேச்சு அம்மாவிடமே தங்கிவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சொல்லிக்கொடுத்ததோடு விட்டாளா? ஆறு துணி நாப்கின் தைத்து, பிரஸ் பட்டன் வைத்து, பையில் போட்டு அனுப்பியிருந்தாள்.

அதிலிருந்து வீட்டில் சித்தி பாட்டுத்தான்.

"சித்தி பச்சத் தண்ணியிலதான் ஊற வைக்கச் சொன்னாங்க."

"வெந்நீர் ஊத்தினா கறை புடிச்சுக்கும்னு சித்தி சொன்னாங்க."

"சித்தி வெயில்லதான் காயப்போடணும்னாங்க. இதுல என்ன வெக்கம்னு கேட்டாங்க."

மாடிக் கொடியில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து ஆறும் தொங்கும். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அம்மாவின் கண்ணில் முதலில் அதுதான் படும். படட்டும் என்றே தொங்குவதாக அவளுக்குத் தோன்றும்.

போன மாதம் ஒரு நாள், "குடு, நான் துவைச்சு வைக்கிறேன்" என்று அம்மா பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நானே துவைச்சுக்கிறேம்மா."

"ஏன், அவ சொல்லித்தந்தாத்தான் எனக்குத் துவைக்க வருமா? நான் உனக்குச் சோறு போடறதே துவைச்சுத்தான்."

அது உண்மை. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை. அம்மா சோப்புப் போட்டு அலசி, துணிக்கு ஊற்றும் வாசனை கண்டிஷனரில் அரை நாள் ஊற வைத்து, உலர்த்தி மடித்துக் கொடுத்தாள்.

மகள் முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். "மெத்துமெத்துன்னு இருக்கும்மா" என்று கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

இப்போது சனிக்கிழமை வந்தது. மகள் ஆறு நாப்கினையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"உன் சித்திகிட்ட காட்டு, நல்லா காட்டு" என்றாள் அம்மா. "ஓட்டல்ல தலகாணி உறை கிழிஞ்சா யார் தைக்கறா? நான்தானே? எங்க அம்மா தைச்சிருந்தா ஒழுகியிருக்காதுன்னு சொல்லு. அவளும் தெரிஞ்சுக்கட்டும்."

சொல்லி அனுப்பிவிட்டாளே தவிர, இரண்டு நாளும் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"என்ன சொன்னா?"

"நீ சொன்னதை அப்படியே சொன்னேன். சித்தி ஒண்ணை எடுத்து மேல கொஞ்சம் தண்ணி விட்டுப் பாத்தாங்க. உள்ள இறங்கவே இல்லம்மா. உருண்டு ஓரமா ஓடிடுச்சு."

அம்மா சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"அப்புறம் மோந்து பாத்தாங்க. மத்த அஞ்சையும் எடுத்து ஒவ்வொண்ணா மோந்தாங்க."

சலவைக்கூடத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் அம்மா முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவாள். 'துண்டுக்கு மட்டும் கண்டிஷனர் ஊத்திடாதீங்க. மெத்துன்னு இருக்கும், வாசமா இருக்கும். ஆனா தண்ணி இழுக்காது.' பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறாள். அன்றைக்குப் பக்கெட்டில் மூடி மூடியாக ஊற்றியபோதும் அது அவளுக்கு மறந்திருக்கவில்லை.

"மோந்து பாத்துட்டு என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"'தப்பு என்னோடதுதான்டா, என் தையல்தான் சரியில்ல'ன்னாங்க."

மகள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். ஆறு நாப்கினுக்கு வேண்டிய பூப்போட்ட துணி, அளவாக வெட்டி, தைக்காமல் அடுக்கியிருந்தது.

"வெட்டி மட்டும் குடுத்திருக்காங்கம்மா. 'உங்க அம்மாவே தைக்கட்டும். அவங்க தைச்சா கண்டிப்பா ஒழுகாது'ன்னு சொன்னாங்க."