திரும்பி வருவியா, திரேன்?

“அதெல்லாம் சரிப்பா திரேன், ஆக்லாந்துக்குப் போனா நீ திரும்பி வருவேன்னு என்ன நிச்சயம்?”

ஃபிஜித் தீவின் நவுசோரி நூலகத் தலைவி இந்திராவதி, தன் உதவியாளனிடம் இதையே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“நியூசிலாந்துக்கு நூலக நிர்வாகப் பயிற்சிக்குத்தானே மேடம் போறேன்? முடிஞ்ச அன்னைக்கே கிளம்பி வந்துடுவேன்.”

“போன வருஷம் நம்ம நூலகத்துல இருந்த ஷாலீனும் இப்படித்தான் சொன்னான். இப்ப அங்கயே வீடு வாங்கிட்டான்.”

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. யாரும் வெளியே சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆனால் நூலகத்துக்கு மட்டும் தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் வீட்டில் வைத்திருந்த புத்தகத்தை ஒருவர் திருப்பிக் கொடுத்தால், விமானம் ஏறப்போகிறார் என்று அர்த்தம்.

“உன் வீட்ல கிடக்கற ரக்பி புத்தகத்தைத் திருப்பித் தர்ற உத்தேசம் இருக்கா?”

“சத்தியமா இல்ல மேடம்!”

அப்போதுதான் இந்திராவதி சிரித்தார். “அப்ப ஆக்லாந்து வேணாம். நாளையிலேர்ந்து கவுன்சில் மீட்டிங்குக்கு நீயே போ. பட்ஜெட், ஸ்டாஃப் லீவு எல்லாம் நீயே பாரு. இங்கயே பழகிக்கோ.”

பயிற்சியும் போச்சு, வேலையும் தலையில் விழுந்தது. ‘என்னை நம்பவே மாட்டாங்களா?’ என்று முணுமுணுத்தபடி, சாயங்காலம் வாசலில் இருந்த, புத்தகங்களைத் திருப்பிப் போடும் பெட்டியைத் திறந்தான் திரேன்.

உள்ளே ஒரே ஒரு புத்தகம். பக்கமெல்லாம் மஞ்சள் கறை. இந்திராவதி மேடம் பத்து வருஷமாகத் தன் அடுப்படியிலேயே வைத்திருந்த சமையல் புத்தகம்!

இப்ப நீங்களே சொல்லுங்க, யார் யாரைச் சந்தேகப்பட்டிருக்கணும்?