சைவ மீன்

சன்னல் வழியே பார்த்தேன். மாமாவின் கை என் மீன் தொட்டிக்குள் இருந்தது.

முழங்கை வரைக்கும்.

மழை என்று பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். குற்றாலத்துச் சாரல் தென்காசித் தெருவரை வந்து, குடையையும் மீறி என்னை நனைத்திருந்தது. டீச்சர் வேலையில் அதிசயமாகக் கிடைத்த அரைநாளை மீனோடு கழிக்கலாம் என்று ஓடிவந்தால், இந்தக் காட்சி.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அது சாதாரணத் தொட்டியா? கடலுப்பு கலந்து, பவளம் வைத்து, தினமும் சூடு பார்த்து, கைக்குழந்தையைப் போல வளர்ப்பது. கல்யாணமாகி வந்தபிறகு நானாகக் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

மாமாவுக்கு முதலிலிருந்தே அதைப் பிடிக்காது. தூக்கிப் போடப் போகிறார் என்றே நினைத்தேன்.

ஆரஞ்சுக் கோடு போட்ட, நீள மூக்கு மீன் அது. சாப்பாட்டு விஷயத்தில் மகா ராங்கி. கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். இறாலைப் பொடியாக நறுக்கிக் கையால் ஊட்ட வேண்டுமாம். தீவனத்தைத் திரும்பியும் பார்க்காதாம். ஊட்டாவிட்டால் இரண்டு வாரத்தில் பட்டினியிலேயே செத்துவிடுமாம்.

ஃபிரிட்ஜ் மூலையில் ஒரு சின்னப் பொட்டலம் இறால் வைத்துக்கொள்ளட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். முட்டைகூட நுழையாத வீடு இது, அது உள்ளே வந்தால் நான் வெளியே போகிறேன் என்றார். அதோடு எங்கள் பேச்சே குறைந்துபோனது.

நானும் வீம்புக்குக் கடல்பாசித் தீவனத்தையே போட்டேன். மறுநாள் பார்த்தால் தொட்டியில் ஒரு துணுக்கு மிச்சமிருக்காது. இன்றைக்கு நாற்பதாவது நாள். மீன் கொழுகொழுவென்று இருக்கிறது. சைவ வீட்டுக்கு வந்து மீனும் சைவமாகிவிட்டது என்று புனேயிலிருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் பீற்றிக்கொண்டேன். கடைக்காரருக்குப் போட்டோ வேறு அனுப்பினேன்.

உங்கள் அப்பாவுக்குத்தான் ஆசாரம் முற்றிப்போச்சு என்றும் சொன்னேன். சாயங்காலம் நான் வரும்போது கொடியில் இரண்டு வேட்டி காயும். எழுபத்திரண்டு வயதில், இளைப்பை வைத்துக்கொண்டு, இந்தக் குளிரில் பச்சைத்தண்ணீரில் இரண்டாவது குளியல். காலையில் நான் கீசரை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அந்த சுவிட்சைத் தொட அவருக்கு அவ்வளவு பயம். போதாததற்கு வெற்றிலை போடுவதையும் விட்டுவிட்டார். கேட்டால் பல்வலியாம்.

கரண்டுக்கு அப்படிப் பயப்படுகிற மனிதர்தான், மோட்டார் ஓடுகிற தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் மீன் வந்துவிட்டது.

பாறை இடுக்கிலிருந்து புறப்பட்டு நேரே அவர் விரலுக்கு வந்தது. நான் கை விட்டால் ஓடி ஒளிகிற கழுதை, அவர் விரல் நுனியிலிருந்து எதையோ கொத்திக் கொத்தித் தின்றது.

தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி. அதன்மேல் வாழையிலைக் கிழிசல். அதில் உரித்த இறால் ஒன்று முழுதாகவும், ஒன்று பொடிப்பொடியாகவும் கிடந்தன. பக்கத்திலேயே அவருடைய பாக்குவெட்டி.

நெற்றியில் விபூதிப் பட்டை. இடதுகையால் துண்டை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார். முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு, மீனிடம் பேசினார்.

"தின்னுலே. நீ செத்துக்கித்துப் போயிட்டன்னா அந்தப் பிள்ள யாருகிட்டலே பேசும்? எங்கிட்டயா பேசப்போவுது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறக் குளியலறையில் வாளிச் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு இருமல். நான் சத்தமில்லாமல் கேட்டைச் சாத்திவிட்டு, தெருமுனைக் கடையில் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, எப்போதும்போல் மாமாவுக்கு முன்னாலேயே தீவனத்தைப் போட்டேன். அது மூக்கைத் திருப்பிக்கொண்டு போனது.

"நல்லாத் தின்னுது மாமா," என்றேன்.

எல்லாம் உன் கைராசி என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது, கீசரை அணைக்க மறந்துவிட்டேன். அதற்கு அடுத்த நாளும் மறந்துவிட்டேன்.