மயிலின் கால்

மயில் வடிவம் வெட்டிய அட்டை ஒன்று இருந்தது. அதைச் சேலைமேல் வைத்து ஏர்பிரஷ் சாயம் பீச்சினால், துணியில் மயில் வந்து நிற்கும். தன்மேல் காய்ந்த சாயத்தை மட்டும் அட்டை கழுவவே விடாது.

"இத்தனை நிறமும் என் அனுபவம்டா."

"உன் அனுபவம் ஏற ஏற ஓட்டையெல்லாம் அடைபடுதே, அண்ணே" என்றது ஏர்பிரஷ்.

"உனக்குப் பொறாமை."

பத்தாவது சேலையில் மயிலுக்குக் கொண்டை விழவில்லை. இருபதாவதில் கழுத்து நூலாய் இளைத்தது. மறுநாள் கல்யாணத்துக்குப் போகவேண்டிய கடைசிச் சேலை, அட்டையை எடுத்ததும் தன் முந்தானையைப் பார்த்துப் பதறியது.

"அண்ணே, என் மயிலுக்குக் கால் எங்கே?"

அட்டை நெஞ்சை நிமிர்த்தியது.

"அழாதே தங்கச்சி. என்கிட்டே பத்திரமா இருக்கு."