முக்காலிக்கு நாலாவது கால்

பழைய சாமான் கடையில் ஞானமுத்து உப்புத்தாளால் ஒரு கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முக்காலிக்கு மாட்டப்போகிற நாலாவது கால் அது.

"பேசாம மாட்டிக்கோ. அப்பத்தான் சோபா பக்கத்துல எடம் கெடைக்கும்" என்றது பக்கத்து மேசை. அது போன மாதம் செய்தது. சங்கிலியால் அடித்து, டீத்தண்ணி பூசிப் பழசாக்கியிருந்தார்கள்.

"மாட்டேன் தம்பி. நாலு கால் வந்தா நான் நாற்காலி. வர்றவங்க போறவங்க எல்லாம் மேல உக்காந்துடுவாங்க."

"யாரு தம்பி? எனக்கு நூறு வயசு!"

கூடத்துக்கு மேசை தேடி ஒரு பெண் வந்தாள். இரண்டின் மேலும் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தாள். கடைத் தரையோ மேடும் பள்ளமும். மேசை தடதடவென்று ஆடி டம்ளரைக் கவிழ்த்தது. முக்காலி மூன்று காலையும் ஊன்றி மூச்சைப் பிடித்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எங்க வீட்டுத் தரையும் இப்படித்தாங்க. இதையே குடுங்க. காலெல்லாம் ஒட்ட வேண்டாம்."

மேசைக்குப் பொறுக்கவில்லை. "என் கால்ல ஒண்ணைக் கழட்டிட்டா நானும் முக்காலிதானே?"

முக்காலி பதறிப்போனது. "ஐயையோ, அப்படி மட்டும் செஞ்சுடாதே! உன் காலு மூலைக்கு ஒண்ணா நிக்குது, கழட்டினா நீ…"

"முக்காலியைத் தூக்குங்கப்பா, வண்டி வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தார் ஞானமுத்து.