ஆறு வருஷக் கையெழுத்து

"இந்த முறை தனியாப் பிள்ளையளை வளர்க்கிற தாய் எண்டு போடுங்கோ, அண்ணை," என்றாள் சுஜானி.

ஸ்ரனிஸ்லாஸ் பேனையைக் கீழே வைத்தார். ரூ காய் தெருவில் உள்ள பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்து, புலம்பெயர்ந்து வந்த ஊர்ச்சனத்துக்குப் பிரெஞ்சு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்.

"அப்பிடிப் போட்டா அரசாங்க உதவி கூட வருமெண்டு ஆரும் சொன்னவையோ?"

"ஓம். பிள்ளையளின்ரை பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் காசும் குறையுமாம்."

"தங்கச்சி, ஆறு வருஷமா நான்தான் உங்கடை படிவம் நிரப்புறன். புருஷன், பெண்சாதி, ரண்டு பிள்ளையள். இந்த மேசையிலை இருந்து ஒரு பொய்யும் வெளியிலை போனதில்லை."

"தெரியும், அண்ணை."

"தெரிஞ்சுமோ கேக்கிறாய்? அந்தா, உன்ரை மனுசன் வாசல்லை நிண்டு தேத்தண்ணி குடிக்கிறார். ஒவ்வொரு வருஷமும் சோடியா வந்துதானே கையெழுத்து வைக்கிறனீங்கள்?"

சுஜானி வாசலைப் பார்த்தாள்.

"அந்த ஒரு நாள்தான் அவர் என்னோடை வாறவர், அண்ணை. மற்ற நாளெல்லாம் ஓல்னேயிலை, வேறை ஒருத்தியோடை குடியிருக்கிறார். சனம் கதைக்குமெண்டு நான்தான் வருஷா வருஷம் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவரின்ரை சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினதாலை, பிள்ளையளுக்கு வரவேண்டியது ஒண்டும் வரேல்லை."

ஸ்ரனிஸ்லாஸ் போன வருஷத்துப் படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தார். தன் எழுத்துத்தான், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"அப்ப இண்டைக்கும் ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

"நான் தனியா வந்து சொன்னா நீங்கள் நம்பமாட்டியள். அவரையே கூப்பிட்டுக் கேளுங்கோ."