இரும்பு அலுமாரி

"என்ர ரைபிளில ஆராவது கை வைக்கட்டும் பாப்பம்! சட்டம் போட்டுப் பறிப்பினமாம்!"

டெக்ஸாஸிலிருந்து லீவில் வந்திருந்த புஷ்பராஜ் போட்ட சத்தம் கொழும்பு வெள்ளவத்தை ஃப்ளாட்டின் நாலாம் மாடி முழுக்கக் கேட்டது. டிவியில் அமெரிக்கச் செய்தி. செமி-ஓட்டோமெட்டிக் துப்பாக்கிகளைத் தடை செய்வதா வேண்டாமா என்று அங்கே பெரிய சண்டை. இங்கே ஹோலில் அதைவிடப் பெரிய சண்டை.

"விசையை அமத்த அமத்த வெடிக்கிற சாமான் வீட்டில என்னத்துக்கு மச்சான்?" என்றார் தங்கையின் புருசன் நமசிவாயம்.

"என்ர பாதுகாப்புக்கு! அது என்ர உரிமை. அதுக்கெண்டே இரும்பு அலுமாரி வாங்கி வச்சனான்."

குசினியில் மிளகாய்த்தூள் பொதி செய்துகொண்டிருந்த தங்கை ரதிக்குக் கை ஓடவில்லை. தங்கை வறுத்து இடித்த தூள் இல்லாமல் அண்ணா பிளேன் ஏறியதே இல்லை. இந்த முறை தூளோடு ரதியின் மகள் துஷாந்தினியும் அங்கே படிக்கப் போகிறாள். படிப்பு முடியும்வரை அண்ணா வீட்டில்தான் இருக்கப் போகிறாள்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து சின்ன வயதில் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் அண்ணனும் தங்கையும். அதையெல்லாம் மறந்துவிட்டு இந்த மனுசன் துவக்கை அலுமாரியில் வைத்துக் கும்பிடுகிறாரே! ரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு டெக்ஸாஸில் இருக்கும் அண்ணிக்கு போன் எடுத்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணி. துஷாவை நான் அனுப்ப மாட்டன். துவக்கு இருக்கிற வீட்டில என்ர பிள்ளை இருக்க வேண்டாம்."

"எந்தத் துவக்கு?"

"அந்த இரும்பு அலுமாரிக்குள்ள..."

அண்ணி சிரித்தாள். "துஷாவுக்கு விசா கிடைச்சிட்டுது எண்டு நீர் சொன்னீர் எல்லே? அடுத்த நாளே கொண்டுபோய் பொலிஸில குடுத்திட்டார். பிள்ளை வாற வீட்டில அது கூடாதாம். அலுமாரிக்குள்ள இப்ப உம்மட மிளகாய்த்தூள்தான் இருக்கு. மணம் வெளியில வராது, நல்ல வசதி."

"பிறகேன் இஞ்ச இந்தச் சத்தம்?"

"இவ்வளவு காலமும் ஊரெல்லாம் வாதாடின மனுசன். குடுத்திட்டன் எண்டு சொல்ல வெக்கம். நான் சொன்னதாக் காட்டிக்கொள்ளாதேயும்."

ரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். அண்ணா இன்னும் அடங்கவில்லை.

"எந்தச் சட்டத்தாலயும் அதை என்னட்ட இருந்து வாங்கேலாது, விளங்குதோ!"

"ஓம் அண்ணா, சட்டத்தால ஏலாதுதான்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பை தூள் கட்டக் குசினிக்குள் போனாள் ரதி.