மங்கலான மணப்பெண்

ஜெயராஜ் தன் மனைவி ஞானம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய நேரத்தில். மடங்கியிருந்த சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "பஸ்ஸு போயிடப்போவுது, கெளம்புய்யா" என்றாள்.

பத்தரை மணிக்கு அனல்மின் நிலையத்துக்கே ஆள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். மகள் ஷைனியின் கல்யாணம் முடிந்து இருபத்திரண்டாவது நாள் அது.

துக்கம் ஆறுவதற்குள் கல்யாண போட்டோக்கள் வந்தன. கூடவே கடம்பத்தூரிலிருந்து சம்பந்தி அம்மாவின் போனும். போனவங்களைக் குறை சொல்றதா நினைக்காதீங்க என்று ஆரம்பித்து, சொல்லியே விட்டார். தாலி கட்டும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் மங்கல். பின்னால் நிற்கும் ஞானம்மா மட்டும் பளிச். கல்யாணம் யாருக்கு என்று உறவுக்காரர்கள் கேட்டுச் சிரிக்கிறார்களாம்.

ஜெயராஜ் நேரே, கல்யாணத்தைப் படம் எடுத்த குணாவின் அத்திப்பட்டு ஸ்டுடியோவுக்குப் போனார்.

"இன்னாபா, மிர்ரர்லெஸ் கேமரா, சத்தமே போடாது, கண்ணைத் தானா தேடிப் புடிக்கும்னு பீத்திக்கினியே. கட்டுனவன் கண்ணும் தெரில, கட்டிக்கினவ கண்ணும் தெரில."

செட்டிங் தப்பாகிவிட்டது, தப்பு தன்னுடையதுதான் என்றான் குணா. இருவரையும் மறுபடி அலங்கரித்து வரச்சொன்னால் எடுத்துத் தருவதாகச் சொன்னான். இனி சர்ச்சில் உனக்கு ஒரு கல்யாணம்கூடக் கிடைக்காது, பாஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார் ஜெயராஜ்.

முப்பது வருஷம் கொதிகலனில் வேலை பார்த்தவர் ஜெயராஜ். பழுது என்றால் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார்.

"கேமராவ எடு. இன்னா தப்புன்னு காட்டு."

குணா கொஞ்சம் யோசித்தான். கம்ப்யூட்டர் திரையில் சர்ச் கூட்டத்தின் படத்தைப் பெரிதாக வைத்து, கேமராவை அதன் எதிரே பிடித்தான்.

கேமராவின் பின்பக்கத் திரையில் சின்னச் சதுரம் ஒன்று தோன்றியது. மாலையும் கழுத்துமாய் நின்ற ஷைனியிடம் அது நிற்கவில்லை. ஐம்பது அறுபது முகங்களைத் தாண்டி, யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த ஞானம்மாவின் இடது கண்ணில் போய் உட்கார்ந்தது. குணா கேமராவை ஆட்டிப் பார்த்தான். சதுரம் கண்ணை விடவில்லை.

இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர் ஜெயராஜ். அந்தக் கூட்டத்தில் அவராலேயே அவளை இத்தனை சீக்கிரம் கண்டுபிடித்திருக்க முடியாது.

"இவள எப்படிபா இதுக்குத் தெரியும்?" குரல் இறங்கியிருந்தது.

ஒரு முகத்தை முதலிலேயே பதிவு செய்து வைத்துவிட்டால், எத்தனை பேர் இருந்தாலும் கேமரா அதைத்தான் தேடும் என்றான் குணா. கல்யாணம் என்றால் வழக்கமாக மணப்பெண்ணின் முகத்தைத்தான் பதிவு செய்வானாம்.

"அப்ப இவள யாரு பதியச் சொன்னது?"

"சொல்லக்கூடாதுன்னு ஷைனி சத்தியம் வாங்கிக்கிச்சு அங்கிள். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆன்ட்டிய இங்க இட்டாந்துச்சு. டாக்டரு கைவிரிச்சிட்டாராம். உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்களாம். 'என்னை எப்ப வேணா எடுத்துக்கலாம்ணா, அம்மாவ எடுங்க'ன்னுச்சு."

ஜெயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாப் படங்களையும் முதலிலிருந்து காட்டச் சொன்னார்.

ஞானம்மா இருந்த படங்கள் நானூற்றுப் பதினொன்று. ஒன்றில்கூட அவள் கண் மங்கலாக இல்லை.